தாத்தாவும் தெருவிளக்கும் என் கல்லூரிக் கட்டுரையும்

(நமது சங்கத்தின் மயூர் விஹார் கிளைக் கூட்டத்தில், உறுப்பினர் ஒருவரின் பேத்தியான கல்லூரி மாணவி ஆற்றிய உரை)



வெளிநாட்டுக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் குழந்தைகள் நம் வீடுகளில் அதிகமாகிவிட்டார்கள், கட்டுரை எழுதுவது எப்படி என்று நீ பேசு என்று செயலாளர் மாமா சொன்னார். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் விண்ணப்பித்த நான்கு அமெரிக்கக் கல்லூரிகளில் மூன்று 'இல்லை' என்றன. நான்காவது இடம் கொடுத்தது, உதவித்தொகை கொடுக்கவில்லை. அப்பா கால்குலேட்டரை எடுத்தார், பிறகு கீழே வைத்துவிட்டார். இப்போது தில்லிப் பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படிக்கிறேன். ஆகவே இது வெற்றிக் கதை இல்லை. தமிழில் பேசச் சொன்னதால் எழுதி வைத்துக்கொண்டு படிக்கிறேன். பிழை இருந்தால் திருத்திக் கொடுத்த தாத்தாதான் பொறுப்பு. அவர் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக விஷயத்தைச் சொல்கிறேன். அமெரிக்காவில் 'காமன் ஆப்' என்று ஒரு பொது விண்ணப்பம் இருக்கிறது. 1975-ல் 15 கல்லூரிகள் சேர்ந்து ஆரம்பித்தது; இன்று ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்லூரிகள் அதில் இருக்கின்றன. மதிப்பெண், ஆசிரியர் கடிதம் இவற்றோடு ஒரு கட்டுரையும் அனுப்ப வேண்டும். 250 சொற்களுக்குக் குறையக் கூடாது, 650-ஐத் தாண்டக் கூடாது. இங்கிலாந்தில் இடைவெளிகளையும் சேர்த்து 4000 எழுத்துகள். 2026-ல் சேருகிறவர்களிலிருந்து அதை மூன்று கேள்விகளாகப் பிரித்திருக்கிறார்கள். நம் தில்லிப் பல்கலைக்கழகத்திலோ 2022 முதல் சி.யு.இ.டி. என்ற நுழைவுத் தேர்வு. நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும். நீ யார் என்று யாரும் கேட்பதில்லை.

அந்தக் கேள்விதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. சி.பி.எஸ்.இ. ஆங்கிலத் தாளில் கட்டுரை கேட்கும்போது எப்படிக் கேட்பார்கள் என்று மாணவர்களுக்குத் தெரியும். 'நீங்கள் கரண் அல்லது கருணா. நீர் சேமிப்பைப் பற்றி 120 முதல் 150 சொற்களில் எழுதுக.' தலைப்புப் போட வேண்டும், கீழே கருணா என்று பெயர் போட வேண்டும். அந்த அமைப்புக்கே மதிப்பெண் உண்டு. பள்ளிக்கூடத்தில் நான் கருணாவாக எழுதினேன், ரோஹிணியாக எழுதினேன், குடியிருப்போர் சங்கத்தின் செயலாளராகக்கூட எழுதினேன். ஒரு தடவையாவது நானாக எழுதினேனா என்று யோசித்தால் ஞாபகம் வரவில்லை. திடீரென்று 17 வயதில் 650 சொற்களில் நானாக எழுது என்றால்?

ஒரு ஆலோசகரிடம் போனோம். 'உன் வாழ்க்கையில் என்ன கஷ்டம்?' என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். மூன்று படுக்கையறை சொஸைட்டி ஃப்ளாட், நடந்து போகும் தூரத்தில் உத்தர குருவாயூரப்பன் கோயில், வாசலில் மெட்ரோ. கஷ்டம் ஒன்றும் அகப்படவில்லை. 'அப்படியானால் தாத்தாவின் கஷ்டத்தை எழுது' என்றார். 2023-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கும் முறையை நிறுத்தியபோது, இனம் தன் வாழ்க்கையை எப்படி பாதித்தது என்று மாணவர் எழுதுவதற்குத் தடையில்லை என்றும் சொன்னது. அதிலிருந்து கட்டுரைக்கு மவுசு கூடிவிட்டது என்றும், கஷ்டம் இருந்தால்தான் இடம் என்றும் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். உண்மையிலேயே கஷ்டப்பட்டவர்கள் எழுத வேண்டிய இடம் அது. நானும் அங்கே போய் வரிசையில் நின்றேன் என்பதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

எழுதினேன். 1967-ல் தாத்தா ஒரு தகரப் பெட்டியோடு கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் தில்லி வந்து இறங்கினார். ஒரு வேளைதான் சாப்பிட்டார். சிறு வயதில் தெருவிளக்கின் அடியில் படித்தார். ஆங்கிலம் அழகாக வந்திருந்தது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில், காபி ஆனதும், தாத்தாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"தெருவிளக்கா? அது முத்துசுவாமி ஐயர் கதைன்னா! நம்மாத்துல அப்பவே கரண்ட் உண்டு" என்றார். சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியின் கதையை நான் தெரியாமலேயே தாத்தாவின் தலையில் கட்டியிருக்கிறேன். "ஒரு வேளை சாப்பாடும் இல்லேடி. கரோல்பாக் மெஸ்ஸிலே ரெண்டு வேளையும் ஒழுங்கா சாப்பிட்டேன். தகரப் பெட்டி வாஸ்தவம்."

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "நான் ஒண்ணும் கஷ்டப்படல்லே. எங்காத்துல கஷ்டப்பட்டது உன் அத்தைப்பாட்டிதான்" என்றார்.

அத்தைப்பாட்டி என்றால் தாத்தாவின் தங்கை, கும்பகோணத்தில் இருக்கிறாள். 1964-ல் தாத்தா எஸ்.எஸ்.எல்.சி. முடித்தார். டைப்ரைட்டிங்கும் ஷார்ட்ஹேண்டும் கற்றுக்கொண்டால் தில்லியில் சர்க்கார் வேலை கிடைக்கும் என்று சொன்ன காலம். வீட்டில் ஒருவருக்குத்தான் சம்பளம் கட்ட முடியும். எட்டாவதில் முதலாவதாக வந்துகொண்டிருந்த தங்கையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். தாத்தா டைப் இன்ஸ்டிடியூட்டுக்குப் போனார். இந்த மயூர் விஹார் ஃப்ளாட்டுக்கு வேர் எங்கே இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்பாவுக்கும் தெரியாது.

அத்தைப்பாட்டிக்குப் போன் பண்ணினேன். எழுதலாமா என்று கேட்டேன். "எழுதிக்கோ. எம்பேரைப் போடாதே. அழுதேன்னு மட்டும் எழுதிடாதே. நான் அழல்லே. எனக்குக் கோபம் வந்தது" என்றாள்.

நீங்களே சொல்லுங்கள், அந்த வாக்கியத்தை நான் உட்கார்ந்து யோசித்தால் எழுதியிருப்பேனா? நிச்சயம் அவளை அழத்தான் வைத்திருப்பேன். என் சிநேகிதிகள் சிலர் சாட்ஜிபிடியிடம் கட்டுரை வாங்கினார்கள். நானும் ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன். அதன் தாத்தா மண்ணெண்ணெய் விளக்கில் படித்தார்! அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நான் எழுதியதும் அதே ரகம்தானே.

தாத்தா அலமாரியிலிருந்து உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். எனக்கு அது மெள்ளத்தான் படிக்க வந்தது. ஒரு இடத்தில் நின்றுவிட்டேன். 1880, கும்பகோணம். காலேஜில் தமிழ்ப் பண்டிதர் வேலை கிடைத்த புதிது. முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்ற கேள்விக்கு அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று அடுக்குகிறார். முதலியார் அசையவில்லை. இவற்றால் என்ன பிரயோஜனம், சீவக சிந்தாமணி படித்ததுண்டா, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்கிறார். இல்லை. பிறகு 1887-ல் சிந்தாமணியைப் பதிப்பித்தவர், தனக்குத் தெரியாது என்று தெரிந்த அந்த நாளை மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார். ஆலோசகர் பார்த்திருந்தால் அந்தப் பக்கத்தை அடித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

என் கட்டுரையைத் திரும்ப எழுதினேன். தாத்தாவைப் பற்றியும் இல்லை, அத்தைப்பாட்டியைப் பற்றியும் இல்லை. கேட்காமலேயே எழுத உட்கார்ந்த என்னைப் பற்றியும், அந்தப் போன் பேச்சைப் பற்றியும். ஏழு தடவை எழுதினேன். அப்பா ஒரு தடவை திருத்தினார். 'பிரயத்தனம்' என்ற தினுசில் பெரிய ஆங்கிலச் சொற்கள் வந்து உட்கார்ந்தன. மாமாக்களுக்கு ஒரு வேண்டுகோள்: படித்துப் பாருங்கள், புரியாத இடத்தில் கேள்வி கேளுங்கள், பேனாவை மட்டும் எடுக்காதீர்கள். மாணவர்களுக்குச் சொல்ல எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். எழுதியதை, அதில் வருகிறவர்களிடமே வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.

இதனால் இடம் கிடைத்ததா என்றால், ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன். கல்லூரியில் ட்யூடோரியல் கட்டுரை எழுதும்போதுதான் அந்த ஏழு தடவை உதவுகிறது. எங்கள் பேராசிரியை ஓரத்தில் எழுதுவதும் இரண்டே சொற்கள்: 'யார் சொன்னது?'

கட்டுரையைத் தனக்கும் அனுப்பச் சொன்னாள் அத்தைப்பாட்டி. அவளுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. தமிழில் எழுத எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. இந்த வாயால் தமிழ் பேசுகிறேனே தவிர, கை ஹிந்திக்கும் ஆங்கிலத்துக்கும்தான் பழக்கம். தபாலில் அனுப்பினேன். பத்து நாளில் அதே காகிதம் திரும்பி வந்தது. சின்ன ர, பெரிய ற எல்லாம் சிவப்பு மையில் திருத்தியிருந்தாள். 'கோபம் வந்தது' என்ற இடத்தில் மட்டும் எழுத்துப் பிழை இல்லை. அங்கே மேலே ஒரு கூட்டல் குறி போட்டு 'ரொம்ப' என்று சேர்த்திருந்தாள்.