முத்தும் மூழ்கியவனும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் வாலிபர் தாம் ஆடும் கணினி விளையாட்டைப் படமாக்கி யூடியூப்பில் இடுகின்றனர். அதனோடு வரும் விளம்பரத்தால் பணம் கிடைக்கின்றது. அப்பணம் ஆடியவனுக்கா, விளையாட்டை ஆக்கிய கம்பனிக்கா? "இதுவும் ஒரு தொழிலா?" என்று பெரியோர் முகஞ் சுளிக்கலாம். ஆயினும், உழைப்பின் பயன் யாரைச் சாரும் என்னும் கேள்வி மன்னாருக்குப் புதிதன்று.

மரிச்சுக்கட்டிக் கரையில் 1905ஆம் ஆண்டு பெரும் முத்துக் குளிப்பு நடந்தது. கரைசேர்ந்த சிப்பிகளை மூன்று பங்காக்கினர். இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு. ஒரு பங்கே உயிரைப் பணயம் வைத்து மூழ்கியவர் பக்கத்துக்கு. பார் அரசாங்கத்தினது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட நியாயம்.

முத்துப் பாரை எந்த அரசாங்கமும் படைக்கவில்லை. விளையாட்டையோ கம்பனி படைத்தது. ஆகவே கம்பனியின் உரிமை அரசாங்கத்தின் உரிமையிலும் வலியது. ஆனால் எடுத்த சிப்பி பாரிலே குறைந்துபோகும். ஆடிய விளையாட்டோ குறைவதில்லை. படத்தைப் பார்த்தவர் சிலர் விளையாட்டையும் வாங்குவர்.

நிண்டெண்டோ கம்பனி 2013இல் இத்தகைய படங்களின் விளம்பரப் பணத்தைத் தானே எடுத்தது. 2015இல் ஆடியவர்க்கு 60 அல்லது 70 வீதம் தரும் திட்டம் வகுத்தது. 2018இன் இறுதியில் அதனையும் கைவிட்டது. ஆடுபவர் தம் சொந்தப் பேச்சையோ கற்பனையையோ சேர்த்தால், தாமே சம்பாதிக்கலாம் என்றது.

மறுபக்கமும் உண்டு. கதையே உயிராகிய விளையாட்டை முடிவுவரை காட்டிவிட்டால் அதனை வாங்குவார் யார்? அவ்வாறு படமிட்ட ஒருவருக்கு 2023இல் ஜப்பானின் செண்டாய் நீதிமன்றம் தண்டனை விதித்தது. நம் தமிழுலகிலும், 2017இல் இளையராஜா தம் பாடல்களை அனுமதியின்றி மேடையில் பாடலாகாது என எஸ். பி. பாலசுப்பிரமணியத்துக்கு வக்கீல் நோட்டீசு விடுத்தார். ஆக்கியவர் உழைப்பும் உழைப்பே. பாடியவர் உழைப்பும் உழைப்பே. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் ஆக்கியோன் உரிமையைக் காத்து, நியாயமான பயன்பாட்டுக்கும் இடமளிக்கின்றது.

இங்கே ஓர் உண்மையை மறைக்க விரும்பவில்லை. நண்பர்களாகிய நாம் இரவிரவாக விழித்திருந்து ஒரு விளையாட்டுப் படம் இட்டோம். பின்னணி இசைக்கு உரிமை கோரி ஒரு கம்பனி வருமானம் முழுவதையும் எடுத்துக்கொண்டது. "அநியாயம்!" என்று கொதித்தோம். பின்பு நினைத்துப் பார்த்தோம்: நாம் ஆடியது காசு கொடாது பெற்ற களவுப் பிரதி! பிறர் உழைப்பை விலையின்றிக் கொண்ட நாம், நம் உழைப்புக்கு விலை கேட்டோம். மிஷன் பாடசாலையிலும் நம் வீட்டிலும் ஒரே பாடத்தைத்தான் கற்றிருந்தோம்; கைக்கொள்ள மறந்தோம்.

ஆதலின் நம் முடிபு இது. விலைகொடுத்து வாங்கிய விளையாட்டில், தன் திறமையையும் பேச்சையும் காட்டுபவனுக்கே வருமானம் உரியது. கதையை அப்படியே எடுத்துக் காட்டுபவன் ஆக்கியோனைக் கேட்டே செய்க. கேட்டால் பங்கும் கொடுக்க.

இளைஞர்களே, களவுப் பிரதியை விடுங்கள். பெரியோர்களே, இவ்வுழைப்பை வீண் என்று தள்ளாதீர்கள். மூழ்கியவனுக்கு மூன்றில் ஒன்று போதும் என்ற காலம் இனி வேண்டாம்.