மடந்தைப் பருவமும் ஊர்க் கடமையும்



பெண்ணின் அகவையை ஏழு பருவமாகப் பகுத்துப் பெயரிட்ட மொழி தமிழ். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்பன அவை. இவற்றுள் 14 முதல் 19 வரையுள்ள அகவையை மடந்தைப் பருவம் என்பர். உலாப் பாடிய புலவர் மடந்தையின் அழகைப் பாடினர். அவள் கையில் ஏடு இருந்ததா என்று கேட்டாரில்லை. அக்கேள்வியை இன்று காட்டுப்பள்ளியில் நின்று கேட்டாக வேண்டும்.

கிழக்கே வங்கக்கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், தெற்கே எண்ணூர்க் கழிமுகம், வடக்கே பழவேற்காட்டு ஏரி. நீர் சூழ்ந்த இந்நிலத்தில் வலையும் இறாலுமே வாழ்வாயிருந்தன. 1990களில் வடசென்னை அனல்மின் நிலையமும், 2001இல் எண்ணூர்த் துறைமுகமும், 2013இல் காட்டுப்பள்ளித் துறைமுகமும் இயங்கத் தொடங்கின. கொற்றலையாற்றில் சாம்பல் படிந்தது, மீன்பாடு குறைந்தது, காட்டுப்பள்ளிக் குப்பத்து மீனவர் தம் பழைய குடியிருப்பையே விட்டுப் பெயர்ந்தனர். வருவாய் சுருங்கிய வீட்டில் முதலில் நிறுத்தப்படுவது மகளின் படிப்பே அன்றோ?

சட்டம் அவளைக் காக்காதா எனக் கேட்பாருளர். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் 6 முதல் 14 அகவை வரையே பேசும். 2006ஆம் ஆண்டின் சட்டமோ 18 நிரம்பாத பெண்ணுக்கு மணம் முடித்தலைக் குற்றம் என்கிறது. ஆகவே, 14க்கும் 18க்கும் நடுவே நான்கு ஆண்டுகள் உள்ளன. அந்நான்காண்டும் அவளை மணப்பந்தலுக்கு அனுப்பலாகாது என்று சொல்லும் சட்டம் உண்டு. பள்ளிக்கு அனுப்பியே ஆகவேண்டும் என்று சொல்லும் சட்டம் இல்லை. சத்துணவும் பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்பதற்கில்லை. 1989இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் திருமண உதவித் திட்டம் வந்தது. அதே பெயரில் 2022இல் அஃது உயர்கல்வித் திட்டமாக மாறி, அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை பயின்ற மகளிர்க்குக் கல்லூரிக் காலத்தில் திங்கள்தோறும் 1,000 உருபா என வகுக்கப்பட்டது. 2024இன் இறுதியில், உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியிற் பயின்றார்க்கும் அது விரிந்தது. மணத்திற்குக் கொடுத்ததைக் கல்விக்குக் கொடுத்தது நன்மாற்றமே. ஆயின், அப்பணம் மேற்படிப்பில் சேர்ந்தவளுக்கே கிட்டும். ஒன்பதாம் வகுப்பில் நின்றவள் அதனைக் கனவிலும் காணாள்.

தனித்தமிழ் இயக்கம் 1916இல் தோன்றிய வரலாற்றை அனைவரும் அறிவர். வள்ளலார் பாடலில் வந்த 'தேகம்' என்னும் சொல்லைப் பற்றி மறைமலையடிகள் உரையாடியது தம் மகள் நீலாம்பிகையோடு. 1903இல் பிறந்த அப்பெண்ணுக்கு அன்று அகவை பதின்மூன்றளவே. அவரே பின்னாளில் வடசொற்றமிழ் அகரவரிசையைத் தொகுத்தார். 1938இல் சென்னையில் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார். ஈ.வெ.இரா.வுக்குப் 'பெரியார்' என்னும் பெயரை வழங்கியதும் அம்மாநாடே. மகளை அருகில் அமர்த்தி அவளோடு மொழியாய்ந்த தந்தை அங்கே இருந்தார். காட்டுப்பள்ளித் தந்தையோ விடியுமுன் கடலில் இருப்பார்; அல்லது ஒப்பந்தக் கூலியாய் நிற்பார். எனவே, தந்தையின் இடத்தில் ஊர் நிற்றல் வேண்டும்.

ஊர் செய்யத்தக்கன நான்கு. முதலாவது, வழித்துணை. கொள்கலச் சரக்குந்துகள் விரையும் சாலையில் தனியே மிதிவண்டியிற் போக எந்தப் பெண்ணும் அஞ்சுவாள். பெண்கள் ஒன்றாய்ச் செல்ல, தாயர் இருவர் முறைவைத்து உடன் செல்லட்டும்; பள்ளி நேரத்துப் பேருந்தை ஊரார் ஒன்றாய்க் கேட்கட்டும். இரண்டாவது, மாலைப் படிப்பகம். 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி எட்டாம் வகுப்பு வரைக்கே அமைந்தது. மேல்வகுப்புப் பெண்களுக்கு ஊரே ஓர் அறையும் விளக்கும் தரட்டும். பொன்னேரிக் கல்லூரிக்குச் செல்லும் அக்கையர் கற்பிக்கட்டும். மூன்றாவது, பொருள். 1989இல் தருமபுரியில் வேர்கொண்ட மகளிர் தன்னுதவிக் குழுக்கள் இன்று ஊர்தோறும் உள. ஆட்டுக்கும் வலைக்கும் கடன் தரும் குழு, தேர்வுக் கட்டணத்திற்கும் ஒரு பங்கு ஒதுக்கலாகாதா? நான்காவது, காவல். பூப்பெய்தியதும் பள்ளியை நிறுத்தும் வீட்டிற்கும், அகவை நிரம்பாதவளுக்கு மணம் பேசும் வீட்டிற்கும் குழுவினர் நேரே சென்று எடுத்துரைத்தல் வேண்டும். மணப் பேச்சு அதன்பின்னும் நில்லாதாயின், 1098 என்னும் கட்டணமில்லாத் தொலைப்பேசி உண்டு.

இத்துணை முயற்சி எதற்கென்று வினவுவார்க்கு ஒன்று சொல்லத்தகும். துறைமுக விரிவாக்கம் போன்ற பெருந்திட்டங்களின் சூழல் ஆய்வறிக்கை ஆங்கிலத்தில் பல நூறு பக்கம் நீளும். 2006ஆம் ஆண்டின் அறிவிக்கைப்படி மக்கள்மொழியில் தரப்பட வேண்டுவது அதன் சுருக்கம் மட்டுமே. தம் ஆற்றையும் கடலையும் பற்றி எழுதப்பட்டதைத் தாமே படிக்கவியலாத ஊர், பிறர் சொன்னதையே நம்பிக் கையெழுத்திடும். தமிழில் ஆழக் கற்று, அறிவியலும் ஆங்கிலமும் தேர்ந்த ஒரு மகள் அவ்வூரில் இருப்பின், அவ்வறிக்கையை வரிவரியாய்ப் படித்துத் தன் தாய்க்கும் பாட்டிக்கும் தமிழில் எடுத்துரைப்பாள். அதன்பின் அவ்வூரை ஏய்த்தல் அரிது.

அம்மகள் இன்று ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறாள். அவளுக்குரிய நான்கு ஆண்டை ஊர் காக்குமாயின், அவள் ஊரைக் காப்பாள்.