பாலிகஞ்சின் சட்டமன்ற உறுப்பினர்



பாட்னா மாவட்டம் பாலிகஞ்சில் 2020ல் வென்ற தோழர் சந்தீப் சௌரவ், ஜேஎன்யு மாணவர் சங்கத்தின் பொதுச் செயலாளராக இருந்தவர். அத்தேர்தலில் இகக (மாலெ) 19 தொகுதிகளில் போட்டியிட்டு 12ல் வென்றது. இளைஞர், படித்தவர் என்ற பாராட்டுகளை முதலாளித்துவப் பத்திரிகைகளுக்கு விட்டுவிடுவோம். நாம் பார்க்க வேண்டியது 2023ஐ.

அப்போது பீகாரில் நடந்தது மகாகட்பந்தன் ஆட்சி. கட்சி அமைச்சரவையில் சேராமல் வெளியிலிருந்து ஆதரித்தது. அந்த அரசுதான் புதிய ஆசிரியர் நியமன விதிகளைக் கொண்டுவந்தது. உள்ளாட்சி அமைப்புகள் வழியே நியமிக்கப்பட்டு, பல ஆண்டுகளாகக் குறைந்த ஊதியத்தில் பாடம் நடத்தியவர்கள், மாநில அரசு ஊழியராக வேண்டுமானால் மீண்டும் ஒரு தேர்வு எழுத வேண்டுமாம்! ஆசிரியர்கள் வீதிக்கு வந்தார்கள். சந்தீப் அவர்கள் பக்கம் நின்றார். பாஜகவை ஆட்சிக்கு வெளியே நிறுத்தியிருக்கும் அரசாயிற்றே என்று வாய்மூடி இருக்கவில்லை.

நிலப் பிரச்சனையிலும் கட்சியின் நிலை அதுவே. குத்தகை விவசாயிகளுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்றது பந்தோபாத்யாய் ஆணையம். 2008ல் தந்த அந்த அறிக்கையை, ஆணையத்தை அமைத்த நிதிஷ் குமாரே கிடப்பில் போட்டார். பொதுப்பள்ளி முறை குறித்த முச்குந்த் துபே ஆணைய அறிக்கைக்கும் அதே கதிதான்.

2025 நவம்பரில் கட்சி 2 இடங்களுக்குச் சுருங்கியது. தேர்தலை ஒட்டிப் பெண்களின் வங்கிக் கணக்குகளில் 10,000 ரூபாய் விழுந்துகொண்டிருந்த நேரம் அது. அந்த இரண்டில் ஒன்று பாலிகஞ்ச்.