தச்சர் கருவிகளும் தமிழ்ச் சொற்களும்



நம் வட்டத்தின் பத்தாண்டு நிறைவு விழாவில் கவிதையைப் பற்றிப் பேசாமல் உளியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பொறுத்தருள வேண்டுகிறேன்.

பழைய உளி கொல்லுலையில் பிறந்தது. துருத்தி ஊதி, கரிநெருப்பில் இரும்பைப் பழுக்கக் காய்ச்சி, வாய்ப்புறத்தில் எஃகு சேர்த்து அடித்துப் பின் நீரில் தோய்த்தார் கொல்லர். தோய்ச்சல் மிகுந்தால் வாய் தெறிக்கும், குறைந்தால் மழுங்கும். அந்தப் பதத்தை அவருக்கு உணர்த்தியது இரும்பின்மேல் ஓடும் நிறமே. அவ்வுளிக்குப் பிடியிட்டுத் தம் கைக்கு இசைவித்தவர் தச்சர். ஆகவே ஒரு கருவிக்குள் இரு தொழில்களின் அறிவு அடங்கியிருந்தது.

ஔவையார் இவ்வறிவின் அருமையை உணர்ந்தவர். நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன் ஒரு திங்கள் முயன்று செய்த ஒற்றைச் சக்கரத்தை அதியமானுக்கு உவமையாக்கினார். பரிசில் நீட்டித்தபோதோ, கோடரியுடன் காடு புகும் தச்சன் மக்களைப் போல, எத்திசை சென்றாலும் தமக்குச் சோறு உண்டு என்று நிமிர்ந்து பாடினார். இன்று அத்தச்சன் மக்களுக்கு அந்த உறுதி இருக்கிறதா?

நம் சுண்ணாம்பாறு கடலோடு கலக்கும் இக்கரையையே பாருங்கள். மரங்களை வாய்ச்சியால் செதுக்கி, ஆணியின்றிக் கயிற்றால் பிணைத்த கட்டுமரத்தின் பெயரை ஆங்கிலமும் பிரெஞ்சும் எடுத்துக்கொண்டன. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கண்ணாடியிழைப் படகுகள் பெருகின. மீனவரைக் குறை கூறேன். கடலில் உயிரைப் பணயம் வைப்பவர் அவர். ஆனால் செதுக்கும் வேலை குறையவே வாய்ச்சிகள் எடைக்குப் போயின. எஞ்சியவை பழம்பொருள் கடைகளை அடைகின்றன. அங்கே கருவிக்கு விலை உண்டு. அதை ஆண்ட கைக்கு வேலை இல்லை.

இழைப்புளி, கொட்டாப்புளி, துறப்பணம், முழக்கோல் என்னும் பெயர்களை நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவர்? கரிசல் வட்டாரச் சொற்களை அகராதியாகத் தொகுத்த கி. ராஜநாராயணன் 2021இல் மறையும்வரை வாழ்ந்தது நம் புதுச்சேரியில்தான். அவர் கரிசலுக்குச் செய்ததை நாம் நம் பட்டறைகளுக்குச் செய்யலாகாதா?

உறுப்பினர் ஒவ்வொருவரும் முதிய தச்சர் ஒருவரிடமோ கொல்லரிடமோ சென்று அமருங்கள். கருவியின் பெயரையும், அதைப் பிடிக்கும் முறையையும், அது எம்மரத்துக்கு ஆகும் என்பதையும் அவர் சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அவர்தம் வேலை நேரத்துக்குரிய கூலியையும் கொடுத்து வாருங்கள். நம் அடுத்த மலர் அச்சொற்களோடு வரட்டும்.