படுக்கையைச் சுமந்த நால்வர்

(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனை ஊழியர் சார்பில் அளிக்கப்பட்ட செய்தி)

கிறிஸ்துவுக்குள் பிரியமான குருவானவர்களே, போதகர்களே, சபை மூப்பர்களே, ஆதரவாளர்களே,

பல சபைகளிலிருந்து வந்து ஒரே கூரையின்கீழ் அமர்ந்திருக்கிற உங்களைக் காண்பது எங்களுக்குப் பெரிய சந்தோஷம்.

மாற்கு இரண்டாம் அதிகாரத்தில், திமிர்வாதக்காரன் ஒருவனை நான்கு பேர் சுமந்து வருகிறார்கள். கூட்டத்தினால் உள்ளே போக வழியில்லாமல், கூரையைப் பிரித்து அவனை ஆண்டவர் முன் இறக்குகிறார்கள். அந்த நால்வரும் எந்தத் தெருவினர், எந்த ஜெபஆலயத்தார் என்று மாற்கு எழுதவில்லை. ஆளுக்கொரு மூலையைப் பிடித்தார்கள், அவ்வளவே. ஒருவர் கைவிட்டிருந்தாலும் படுக்கை சரிந்திருக்கும்.

மருத்துவ ஊழியத்தின் சரித்திரமும் இப்படிப்பட்டதுதான். 1900-ல் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூரில் ஒரே ஒரு படுக்கையுடன் தொடங்கிய பணி, 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாக வளர்ந்தது. அந்தப் பாரத்தைச் சுமக்கப் பல மிஷன்கள் தோள் கொடுத்தன. அடுத்த ஆண்டு, 1919-ல், அசரியா அத்தியட்சர் முதலானோர் தரங்கம்பாடியில் கூடி, திருச்சபைகள் ஒன்றாக வேண்டுமென்று அறிக்கை விடுத்தார்கள். 1947 செப்டம்பர் 27-ல் சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. அதற்கு வெகுகாலம் முன்பே, மிஷன்கள் நோயாளியின் கட்டிலருகே ஒன்றுசேர்ந்திருந்தன.

எங்களைப் பற்றி ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மருத்துவமனைக்கு மணியோசை எட்டும் தூரத்தில் மூன்று சபைகள் உள்ளன. மூன்றிலிருந்தும் எங்களுக்குக் காணிக்கை வருகிறது. ஆனால் கல்லறைத் தோட்டத்துச் சுவர் ஒன்றின் காரணமாக, அவற்றில் இரண்டு சபையார் பல வருஷங்களாகப் பேசிக்கொள்வதில்லை. நாங்களும் கண்டும் காணாதவர்களாய் இருந்தோம். வாய் திறந்தால் காணிக்கை நின்றுவிடுமோ என்ற பயம் எங்களுக்கு இருந்தது.

நோயாளிகளுடன் வரும் ஏழை உறவினருக்கு, ஒரு சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் வெள்ளிக்கிழமைதோறும் கஞ்சி கொடுத்து வந்தார்கள். ஒரு மழைக்காலத்தில் வார்டுகள் நிரம்பி வழிந்தன. அவர்களால் தனியே சமாளிக்க முடியவில்லை. சங்கத்தின் மூத்த அம்மா ஒருவர், யாரிடமும் உத்தரவு கேட்காமல், சுவருக்கு அந்தப் பக்கத்துச் சபையாரிடம் போனார். "அரிசி இருக்கிறது, அண்டாதான் போதவில்லை" என்றார். "அண்டாவும் வரும், நாங்களும் வருகிறோம்" என்று பதில் கிடைத்தது. அடுத்த வாரம் மூன்றாம் சபையின் வாலிபர்கள் விறகு கொண்டுவந்தார்கள்.

அண்டாவில் ஒரு சபையின் பெயர், கரண்டியில் மற்றொரு சபையின் பெயர். பசியோடு நின்றவர்கள் எதையும் வாசித்துப் பார்க்கவில்லை.

கஞ்சி ஊற்றி முடித்ததும் வராந்தாவில் நின்று ஜெபிப்பது வழக்கமாயிற்று. ஒரு சபையார் ஜெபப்புத்தகத்தைத் திறப்பார்கள்; இன்னொரு சபையார் கைதட்டிச் சத்தமாய் ஜெபிப்பார்கள். முதலில் ஒருவருக்கொருவர் கூச்சம். நாளடைவில், எங்களுக்கு மனப்பாடமாகிப் போன ஜெபங்களுக்கு மற்றவர்கள் கண்ணீரோடு ஆமென் சொல்லக் கேட்டபோது, அவை எங்களுக்கே புதிதாயின. காலை ஜெபத்திற்குக் கடமைக்காக வந்துகொண்டிருந்த நாங்கள் வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருக்கத் தொடங்கினோம். எழுப்புதல் வேண்டுமென்று உபவாசித்து ஜெபித்திருக்கிறோம். அது பக்கத்துச் சபையிலிருந்து அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்தது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டோம். சுவர் இன்னும் நிற்கிறது. திருவிருந்தில் எல்லாரும் சேர்ந்து பங்குபெறும் நாளும் இன்னும் வரவில்லை. ஆயினும் சென்ற ஆண்டு அந்த மூத்த அம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்தபோது, பெட்டியைச் சுமந்தவர்களில் மூன்று சபையாரும் இருந்தார்கள்.

அன்பானவர்களே, நீங்கள் அனுப்பும் காணிக்கைகளுக்காகத் தேவனைத் துதிக்கிறோம். இம்முறை இன்னொன்றும் கேட்கிறோம். ஜனவரி 18 முதல் 25 வரை பல நாடுகளில் கிறிஸ்தவ ஒருமைப்பாட்டிற்கான ஜெபவாரம் அனுசரிக்கப்படுகிறது. அந்த வாரத்தில் ஒரு நாள் எங்கள் வார்டுகளுக்கு வாருங்கள். தனியே வராமல், உங்கள் பக்கத்துச் சபையில் ஒருவரை அழைத்து வாருங்கள். நெடுநாளாய்ப் பேசாதவராய் இருந்தால் இன்னும் நல்லது. சுமக்கவேண்டிய படுக்கைகள் இங்கே நிறைய இருக்கின்றன.

தம்முடையவர்கள் ஒன்றாயிருக்கும்படி ஜெபித்த ஆண்டவர் தாமே உங்களையும் உங்கள் சபைகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.