கடல் தாண்டும் மூலதனமும் உள்ளூர்த் தொழிலும்

(திமிரியில் பேசியது)



நம் முதலாளிகள் அந்நிய தேசத்தில் பணம் போட்டால் உள்ளூர்த் தொழில் நாசமாகிவிடும் என்று ஒரு கூட்டத்தார் அழுகிறார்கள். அதுதான் தேசத்துக்குப் பெருமை என்று இன்னொரு கூட்டத்தார் கூத்தாடுகிறார்கள். இருவரும் கணக்குப் புஸ்தகத்தைத் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை. அந்தக் காலத்தில் மனிதன் கடல் தாண்டினால் ஜாதி கெடும் என்றார்கள். இன்று பணம் தாண்டினால் தொழில் கெடும் என்கிறார்கள். இரண்டுக்கும் ஆதாரம் என்ன என்றுதான் நாம் கேட்கிறோம்.

டாட்டா ஸ்டீல் கம்பெனி 2007-ல் ஐரோப்பாவின் கோரஸ் இரும்புக் கம்பெனியைச் சுமார் 1,200 கோடி டாலருக்கு வாங்கிற்று. அதில் பெரும்பகுதி கடன். மறு வருஷமே உலகெங்கும் வியாபார மந்தம். ஜாம்ஷெட்பூரில் உழைத்துக் கண்ட லாபம், வருஷக் கணக்காக அங்கே ஏற்பட்ட நஷ்டத்தைச் சுமந்தது. 2024 செப்டம்பர் 30-ல் வேல்ஸ் நாட்டுப் போர்ட் டால்பட்டில் கடைசி ஊதுலையும் அணைந்தது. வேலை போனவன் வெள்ளைக்காரன்தானே என்று நம்மவர் எவரும் சிரிக்க வேண்டாம். அவன் வயிறும் வயிறுதான்.

டாட்டா மோட்டார்ஸ் 2008-ல் அமெரிக்க ஃபோர்டு கம்பெனியிடமிருந்து ஜாகுவார் லேண்ட் ரோவரை 230 கோடி டாலருக்கு வாங்கிற்று. 2008-09 கணக்கில் சுமார் 2,500 கோடி ரூபாய் நஷ்டம்! ஜோசியனைக் கேட்டிருந்தால் சனி பிடித்தது என்றிருப்பான். ஆனால் பின்னால் சீனாவில் கார்கள் விற்றன. உள்நாட்டு வியாபாரம் தள்ளாடிய வருஷங்களில் அந்த லாபமே கம்பெனியைத் தாங்கிற்று. 2024 செப்டம்பர் 28-ல், அதாவது அங்கே ஊதுலை அணைவதற்கு இரண்டு நாள் முன்பு, நம் இராணிப்பேட்டை ஜில்லாப் பனப்பாக்கத்தில் 9,000 கோடி ரூபாய்த் தொழிற்சாலைக்கு அஸ்திவாரம் போடப்பட்டது. ஜாகுவார் லேண்ட் ரோவர் கார்களையும் அங்கே செய்வதாக அன்று திட்டம்.

ஏன் இந்த வித்தியாசம்? ஒருவர் வாங்கியது பழைய உலை. இரும்பு எவன் செய்தாலும் இரும்பு. சந்தை விழுந்தால் அதுவும் விழும். மற்றவர் வாங்கியது பெயர், வரைபடம், எஞ்சினீயர்களின் அறிவு, வெளிநாட்டுக் கடைவீதி. இவற்றை ஊருக்குத் திருப்பிக் கொண்டுவர முடியும்.

இதைக் கண்டு, வெளியே போன கம்பெனிகளெல்லாம் செழிக்கின்றன என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கொழுத்த கம்பெனிதானே முதலில் கப்பலேறுகிறது? போனதால் கொழுத்ததா, கொழுத்ததால் போனதா? கோயிலுக்குப் போனவனுக்குப் பிள்ளை பிறந்தது என்பவனிடம், போகாதவனுக்கும் பிறந்ததே என்று கேட்கும் நாம் இங்கும் அப்படியே கேட்க வேண்டும்.

நம் தோல் தொழிலுக்கு வருவோம். ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் செருப்புத் தைப்பது நம் கை. அதன் மேல் குத்தும் பெயரும் விற்கும் கடையும் அந்நியனுடையவை. விலையில் பெரும் பங்கு அங்கேயே நின்றுவிடுகிறது. தோல் முதலாளி வெளிநாட்டில் கடையும் பெயரும் வாங்கினால் இங்கே மிஷினுக்கு வேலை கூடும். கூலி மலிந்த தேசத்துக்குத் தையலையே தூக்கிப் போனாலோ, அவர் லாபக் கணக்கு ஏறும். இங்கே மிஷின் முன் உட்கார்ந்திருக்கும் நம் பெண்கள் வீட்டுக்குப் போவார்கள். கம்பெனியின் செழிப்பும் தொழிலாளியின் செழிப்பும் ஒன்றல்ல என்பதை அப்போது யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியிராது.

பனப்பாக்கத்தில் நேராகவும் மறைமுகமாகவும் 5,000 பேருக்கு மேல் வேலை என்று அறிவித்திருக்கிறார்கள். நல்லது. அதில் நிரந்தரம் எத்தனை, ஒப்பந்தக் கூலி எத்தனை? உதிரிப் பாகங்களில் எத்தனை இந்த ஜில்லாப் பட்டறைகளில் வாங்குவார்கள்? உங்கள் சட்டசபை மெம்பர் அடுத்த முறை இங்கு வரும்போது, மாலை போடுவதற்கு முன் இதைக் கேளுங்கள்.