கூடத்துக் கணினி

தொலைக்காட்சிப் பெட்டியோடு ஒரு சிறு கணினியை இணைத்து, சேமித்து வைத்த திரைப்படங்களையும் சங்கீதக் கச்சேரிகளையும் குடும்பத்தோடு கண்டும் கேட்டும் இன்புற விரும்புகிற புதியவர், விலை மிகுந்த யந்திரமே சிரேஷ்டமானது என்று மயங்க வேண்டிய அவசியம் சிறிதும் இல்லை.

முதலில் கவனிக்க வேண்டியது நிசப்தம். மெல்லிய ஆலாபனையின் நடுவே விசிறி இரைகின்ற பெட்டி, எத்தனை வேகமுள்ளதாயினும், கூடத்துக்கு உதவாது என்பதே என் திடமான அபிப்பிராயம். 2023ஆம் ஆண்டில் வெளிவந்த இன்டெல் என்100 என்னும் சில்லு, 6 வாட் அளவுக்கே வடிவமைக்கப்பட்டதாகையால், தக்க உலோகக் கூட்டில் அமைந்தால் விசிறியின்றியே இயங்கவல்லது. அதனினும் முக்கியமாக, எச்.இ.வி.சி., ஏ.வி.1 ஆகிய முறைகளில் சுருக்கப்பட்ட 4கே படங்களை, அதற்கென்றே அமைந்த பிரத்தியேகச் சுற்றின் மூலம் விரித்துக் காட்டுகிறபடியால், காட்சி தடுமாறுவதில்லை. நினைவகம் 8 ஜிபி தாராளம்.

படங்களை ஒழுங்குபடுத்தவோ, 2002இல் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டிக்காகப் பிறந்து, 2014இல் கோடி என்ற நாமம் பூண்ட இலவச மென்பொருள் இருக்கிறது. ஆனால், தொலைக்காட்சியின் ரிமோட்டே கணினியையும் ஆளுகின்ற சி.இ.சி. வசதி, ராஸ்பெரி பை என்னும் சிறு கணினியில் உண்டே தவிர, என்100 பொருந்திய சிறு கணினிகள் பலவற்றில் இராது. ஆகவே, விசைப்பலகைக்குப் பழகாத வீட்டுப் பெரியவர்களை உத்தேசித்து, தனி ரிமோட் ஒன்றையும் கூடவே வாங்கிவிடுங்கள்.